தள்ளுவண்டிலில் போன காணி

ஆமைப்புலத்தார் பனிநாட்டில் காணி வாங்கிய கதையைச் சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். நம்பாவிட்டாலும் குறையில்லை. அவர்கள் நம்பினார்கள், கதை நடப்பதற்கு அது போதும்.

ஆமைப்புலம் யாழ்ப்பாணத்தில் ஓர் ஊர். அங்கே பிறந்தவர்களில் நாலு பேர் நோர்வேயின் வடக்குத் தொங்கலில், ஒரு தீவில், மீன் தொழிற்சாலையில் வேலை செய்தார்கள். சொன்ன சொல்லைத் தட்டாத மனிதர்கள். "ஆபத்து மணி அடித்தால் எப்படி இருக்கிறீர்களோ அப்படியே வெளியே ஓடிவரவேண்டும்" என்று மேற்பார்வையாளர் ஒருநாள் சொல்லிவைத்தார். அடுத்த கிழமை மணி அடித்தது. அந்நேரம் குலவீரசிங்கம் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தான். கதிரையைப் பின்பக்கத்தோடு சேர்த்துப் பிடித்தபடி, குந்தின வாக்கிலேயே பனிக்குள் ஓடிவந்தான். தேத்தண்ணி ஒரு சொட்டும் சிந்தவில்லை. பேரின்பம் குளித்துக்கொண்டிருந்தான். அவன் வந்த கோலத்தைப் பற்றி இங்கே வேண்டாம்.

இந்த இரண்டு பேருக்கும் மூத்தவர் கந்தவனம். ஊரில் நாலு விரல் அகல வேலிக்காகப் பதினொரு வருடம் வழக்காடியவர். வழக்கு தோற்றது. ஆனாலும் அவ்வளவு காலம் கோட்டுப் படியில் நின்றதில் சட்டம் முழுக்கத் தன் தலைக்குள் இறங்கிவிட்டது என்பது அவர் எண்ணம். மற்றவர்களின் எண்ணமும் அதுதான்.

நாலாவது ஆள் நல்லநாதன். கதை அவனுடையது.

கலியாணம் முடித்து நாற்பத்தைந்தாம் நாள் நோர்வேக்கு வெளிக்கிட்டவன், ஆறு வருடமாக மனைவியின் முகத்தைப் படத்தில்தான் பார்க்கிறான். இப்போது அவளுக்கு விசா கிடைத்துவிட்டது. தவமலர் தொலைபேசியில் ஒன்றே ஒன்று சொன்னாள்: "இஞ்சருங்கோ, நான் வாடகை வீட்டில வந்து இறங்கமாட்டன். சொந்தக் காணியிலதான் முதல் கால் வைப்பன்."

நல்லநாதன் உடனே காணி தேடினான். கடற்கரையோரம் ஒரு பழைய பண்ணை. மரவீடு, ஒரு மாட்டுக்கொட்டில், பாறைக்கு மேலே மெல்லிய மண். வாங்கிக்கொள்ள ஆளில்லாமல் கிடந்தது. ஏன் கிடந்தது என்று அவன் கேட்கவில்லை.

காணி உறுதிப் பத்திரம் எழுதமுன் கொம்யூன் கந்தோருக்கு நாலு பேருமாகப் போனார்கள். அந்த ஊரின் நிர்வாகம் முழுக்க அங்கேதான். பெரித் என்ற அலுவலர் அம்மா, பொறுமைசாலி, விரலை மடக்கி மடக்கிச் சொன்னாள்.

"இது பண்ணைக் காணி. வாங்கினவர் ஒரு வருடத்துக்குள் குடிவரவேண்டும். வந்தால் ஐந்து வருடம் அங்கேயே இருக்கவேண்டும். இல்லாவிட்டால் நாங்கள் விற்கச் சொல்லலாம்."

"ஐந்து வருடம், அங்கேயே" என்று நல்லநாதன் எழுதிக்கொண்டான்.

"பயிரிடாத வெளிநிலத்தில் யாரும் நடக்கலாம். பழம் பிடுங்கலாம். வீட்டிலிருந்து நூற்றைம்பது மீற்றர் தள்ளிக் கூடாரம் அடித்து இரண்டு இரவு தங்கலாம். நீங்கள் மறிக்கக்கூடாது."

கந்தவனத்தாருக்கு முகம் வெளுத்தது. "வேலி?"

"வேலி போடலாம். நடக்கிறவர்களை மறிக்கக்கூடாது."

அவர் மெல்ல எழும்பிப்போய்ப் படிக்கட்டில் இருந்தார். பேரின்பம் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தான்.

அன்று பின்னேரம் ஆலோசனை கூடியது.

"ஆரோ வழிப்போக்கன் நினைச்ச இடத்தில நடக்கலாம். காணிக்காரன் அஞ்சு வரியம் அசையக்கூடாது. அப்ப காணி இவனுக்குச் சொந்தமோ, இவன் காணிக்குச் சொந்தமோ?" என்று கேட்டான் குலவீரசிங்கம்.

"சட்டத்தைக் கேள்வி கேக்காதை, குலம்" என்றார் கந்தவனத்தார். "நல்லநாதன், நீ ஒருக்கால் உள்ளுக்க காலை வைச்சா வைச்சதுதான். எல்லைக்கு வெளியில ஒரு விரல் பட்டாலும் காணி போச்சு."

"கடைக்குப் போகேலாதோ, அண்ணை?"

"கடை காணிக்குள்ளயோ இருக்கு?"

நல்லநாதன் யோசித்தான். கடையில்லாமல் ஐந்து வருடம் இருக்கலாம். தவமலர் இல்லாமல் இனி ஒரு வருடமும் இருக்க முடியாது. மே மாதம் நல்ல நேரம் பார்த்து வலதுகாலை எடுத்துவைத்துக் காணிக்குள் போனான். தொழிற்சாலைக்கு ஒரு கடிதம் எழுதினான்: "காணி வாங்கிவிட்ட காரணத்தால் வேலைக்கு வர இயலாது."

சொந்தக்காரனைத் தனியே விடலாமா? மற்ற மூவரும் கூடாரத்தோடு வந்தார்கள். தூண்டில் நூலால் வீட்டு வாசலிலிருந்து நூற்றைம்பது மீற்றர் அளந்தார்கள். காணி நூற்றுநாற்பத்தெட்டில் முடிந்தது. மிச்சம் இரண்டு மீற்றர் கடலுக்குள். சட்டம் சட்டம்தானே? கடலுக்குள்ளேயே கூடாரம் அடித்தார்கள். நீர் பெருகியபோது பேரின்பம் நித்திரையில் மிதந்துபோய்ப் பக்கத்துக் குடாவில் கண்விழித்தான். "இடம் மாத்தினதைச் சொல்லவேண்டாமோ?" என்று மற்றவர்களோடு கோபித்துக்கொண்டான்.

இரண்டு இரவு முடிந்தால் எழும்பவேண்டுமே என்று குலவீரசிங்கம் கவலைப்பட்டான். கந்தவனத்தார் வானத்தைப் பார்த்தார். அந்த ஊரில் மே கடைசியிலிருந்து சூரியன் மறைவதே இல்லை.

"டேய், ஒரு ராவும் இன்னும் வரேல்லையடா. பிறகென்னத்தை எண்ணுறது? ஆறுதலாப் படு."

வேலி இல்லாத காணியில் படுத்தால் கந்தவனத்தாருக்குக் கண் மூடாது. பேர்ச் மரக் கொப்புகளை வெட்டிச் சுற்றிவர வேலிக் கதியால் நட்டார். மறுநாள் முதுகில் பையோடு ஒரு சோடி நடந்து வந்தது. மறிக்கக்கூடாதே! அவர்கள் வந்த இடத்தில் நாலு கதியாலைப் பிடுங்கி வழிவிட்டார். அடுத்தவர்கள் வேறு பக்கத்தால் வந்தார்கள்; அங்கேயும் பிடுங்கினார். பத்து நாளில் ஒரேயொரு கதியால் மிஞ்சியது. வந்தவர்கள் எல்லோரும் அதை மட்டும் மரியாதையாகச் சுற்றிப் போனார்கள். "பாத்தியோ, வேலிக்கு எவ்வளவு மதிப்பு!" என்று அவர் பூரித்துப்போனார்.

இப்படிச் சந்தோசமாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் தவமலர் தொலைபேசி எடுத்தாள்.

"வியாழக்கிழமை பதினொரு மணி பஸ்ஸில வந்து இறங்குறன். நீங்கள் பஸ் தரிப்பில நிக்கவேணும். ஆறு வரியம் பாத்திருந்திட்டன். வந்து இறங்கேக்க உங்கட முகத்தைக் காணேல்லையெண்டா அதே பஸ்ஸில திரும்பிப் போவன், சொல்லிப்போட்டன்."

பஸ் தரிப்பு காணி எல்லையிலிருந்து அரைக் கிலோமீற்றர். நல்லநாதன் எல்லைக்கு வந்து கால்விரல்களை அளவாக வைத்துக்கொண்டு வீதியைப் பார்த்தான். போனால் காணி போகும். காணி இல்லாவிட்டால் அவள் கால் வைக்கமாட்டாள். போகாவிட்டால் அவளே போய்விடுவாள். இரண்டு நாள் அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

மறுபடி ஆலோசனை கூடியது.

"பஸ்ஸைக் காணிக்குள்ள விடச்சொல்லிக் கேப்பம்" என்றான் பேரின்பம்.

"உன்ர மாமன்ர பஸ்ஸோ? வேற சொல்லு" என்றான் நல்லநாதன்.

"நல்லநாதன்ர சட்டையைப் போட்டுக்கொண்டு நான் போய் நிக்கிறன்" என்றான் குலவீரசிங்கம். "ஆறு வரியம் எண்டா முகம் மறந்திருக்கும்."

"அவள் என்னை மறந்தாலும் உன்னை மறக்கமாட்டாள்" என்றான் நல்லநாதன். "கலியாண வீட்டில பாயாச வாளியோட விழுந்தவன் நீதானே?"

கந்தவனத்தார் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். வழக்கு நினைவுக்கு வரும்போது அப்படித்தான் இருப்பார். திடீரென்று தொடையில் தட்டினார்.

"என்ர வழக்கு ஏன் வந்தது? மாரி வெள்ளத்தில என்ர வேலியடி மண் அள்ளுப்பட்டுப் பக்கத்து வளவுக்க போச்சு. அப்ப நான் கோட்டில என்ன சொன்னன்? மண் எங்க போனாலும் அது என்ர மண் எண்டு சொன்னன்!"

"அந்த வழக்கு தோத்ததெல்லோ, அண்ணை?" என்று கேட்டான் பேரின்பம்.

"அது இலங்கைச் சட்டம். இது நோர்வே."

நல்லநாதன் காணியை விட்டுப் போகக்கூடாது என்றுதான் சட்டம். காணி அவனோடு வரக்கூடாது என்று பெரித் அம்மா சொல்லவே இல்லை.

வியாழக்கிழமை காலை மாட்டுக்கொட்டிலில் கிடந்த ஒற்றைச்சில்லுத் தள்ளுவண்டிலை எடுத்து, காணி மண்ணை விளிம்புவரை நிரப்பினார்கள். நல்லநாதன் வேட்டி கட்டி, மேலே குளிர்ச்சட்டையும் போட்டு, விபூதி பூசி வந்தான். ஏறக் காலைத் தூக்கியபோது குலவீரசிங்கம் கத்தினான்.

"நில், நில்! காலைத் தூக்கினா நடுவில அந்தரத்திலயெல்லோ நிப்பாய்? அந்தரம் ஆருடைய காணி?"

நல்லநாதன் ஒற்றைக்காலில் நின்றான். நல்ல கேள்விதான். கொஞ்சநேரம் வாதாடி, நிலத்திலிருந்து வண்டில்வரை மண்ணாலேயே சரிவு கட்டினார்கள். அவன் பாதத்தைத் தூக்காமல் உரசி உரசி ஏறி, நடுவிலே கணுக்கால் புதைய நின்றான்.

பேரின்பம் தள்ள, குலவீரசிங்கம் முன்னால் கயிறு பிடிக்க, கந்தவனத்தார் பக்கத்தில் நடந்து சிந்துகிற மண்ணைப் பொறுக்கிப் பொறுக்கி உள்ளே போட, காணி வீதியில் ஏறியது.

பாதிவழியில் ஊன்றுதடிகளோடு ஒரு கிழட்டுத் தம்பதி எதிரே வந்தது. கந்தவனத்தார் கையை நீட்டி வண்டிலை மறித்தார்.

"நிப்பாட்டு! நடக்கிறவையளை மறிக்கக்கூடாது. வழி விடு!"

"வீதி அகலமாத்தானே கிடக்கு, அண்ணை?" என்றான் பேரின்பம்.

"அவையளுக்குக் காணிக்குள்ளாலயும் நடக்க உரித்திருக்கு. மறிச்சா உறுதியைப் பறிச்சுப்போடுவாங்கள்!"

அவர் தலைவணங்கி வண்டிலைக் காட்டினார். கிழவனும் கிழவியும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். நோர்வேக்காரர் அந்நியர் விசயத்தில் தலையிடமாட்டார்கள். கேட்டால் மறுக்கவும் மாட்டார்கள். கிழவி ஏறி, நல்லநாதனைப் பிடித்துக்கொண்டு, மண்ணில் ஓர் அடி வைத்து மறுபக்கம் இறங்கினாள். கிழவனும் அப்படியே. "நல்ல காணி" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

பஸ் தரிப்பை அடையவும் பஸ் வரவும் சரியாக இருந்தது.

தவமலர் இரண்டு பெட்டியோடு இறங்கினாள். ஆறு வருடத்துக்குப் பிறகு புருசனைப் பார்த்தாள். தள்ளுவண்டிலில், மண்ணுக்குள் நட்டுவைத்த கதியால் மாதிரி நின்றான். சாரதி கதவை மூடாமல் வைத்துக்கொண்டு பார்த்தான். நல்லநாதன் அந்தத் திறந்த கதவையே பார்த்தான். ஏறிவிடுவாளோ?

"இதென்ன கோலம்?"

"காணியை விட்டு வெளிக்கிடக்கூடாது எண்டு சட்டம். அதுதான் காணியோட வந்தனான்."

அவள் வண்டிலைச் சுற்றி ஒருமுறை நடந்தாள். மண்ணைக் கிள்ளி மணந்து பார்த்தாள்.

"இது எங்கட காணியோ?"

"எங்கட பேரில."

"சொந்தக் காணியெண்டு சொல்லிப்போட்டு, ஏன் சப்பாத்தோட நிக்கிறியள்? கழட்டுங்கோ!"

அவளும் ஆமைப்புலம்தான்.

நல்லநாதன் சப்பாத்தைக் கழற்றினான். அவள் செருப்பைக் கழற்றி வைத்து, சேலையைக் கொஞ்சம் தூக்கி, வலதுகாலை எடுத்து வண்டிலுக்குள் வைத்தாள். அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். பஸ்ஸுக்குள் இருந்தவர்கள் கை தட்டினார்கள்.

இப்போது வண்டில் அசையவில்லை. பேரின்பம் முக்கினான்; குலவீரசிங்கம் இழுத்தான். சில்லு புதைந்தது.

"பாரம் கூடிப்போச்சு. ரண்டு பேரில ஒராள் இறங்கவேணும்" என்றான் பேரின்பம்.

"ஆறு வரியத்துக்குப் பிறகோ?" என்று தவமலர் முறைத்தாள். "மண்ணை இறக்குங்கோ!"

பாதி மண்ணைத் தரிப்பிலேயே கொட்டினார்கள். வண்டில் இலேசானது. நல்லநாதன் திரும்பிப் பார்த்து மலைத்துப்போனான்.

"அண்ணை, இப்ப பஸ் தரிப்பிலயும் எங்களுக்குக் காணி இருக்குதெல்லோ? இனி நான் இஞ்ச வந்து நிக்கலாம்!"

"அப்ப கடைவாசலிலயும் கொஞ்சம் கொட்டுங்கோவன்" என்றாள் தவமலர். "தொழிற்சாலைவரைக்கும் கொட்டினா வேலைக்கும் போகலாம்."

கந்தவனத்தார் அவளைக் கையெடுத்துக் கும்பிட்டார். இப்படியொரு புத்தி கோட்டில் தன் பக்கம் நின்றிருந்தால் என்று பெருமூச்சு விட்டார்.

கோடை முழுவதும் வண்டில் ஓய்வில்லாமல் ஓடியது. ஆவணி முடிய முன் வீதியோரமாக ஒரு முழ அகலத்தில் காணி நீண்டு, தரிப்பைத் தாண்டி, கடையைத் தொட்டு, தொழிற்சாலைக் கதவுவரை போய்விட்டது. நல்லநாதன் அதன்மேல் அடிமேல் அடிவைத்து வேலைக்குப் போனான். கறிவேப்பிலை வைக்கலாமா என்று தவமலர் யோசித்துக்கொண்டிருந்தாள்.

புரட்டாதியில் பெரித் அம்மா வந்தாள். சொந்தக்காரர் உண்மையிலேயே குடியிருக்கிறாரா என்று பார்க்கவேண்டியது அவள் கடமை. வந்தவள் வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். நாலு பக்கமும் மொட்டைப் பாறை. புல் இல்லை, மண் இல்லை.

"காணி எங்கே?"

"வீதியில" என்றார் கந்தவனத்தார் பெருமையோடு. "நீங்கள் அதுக்கு மேலாலதான் நடந்து வந்தனீங்கள்."

பெரித் கையிலிருந்த படிவத்தைத் திறந்து, "சொந்தக்காரர் இங்கேதானே இருக்கிறார்?" என்று கேட்டாள்.

"அதிலயென்ன சந்தேகம்? வந்த நாளிலயிருந்து காணியை விட்டு ஒரு விரல் வெளியில வைக்கேல்லை."

கதவு திறந்தே கிடந்தது. உள்ளே நல்லநாதன் வேலைக்குப் போகிற உடுப்போடு, சாப்பாட்டுப் பெட்டியோடு, வாசற்படியின் விளிம்பில் நின்றுகொண்டிருந்தான். பெரித்தைக் கண்டதும் சிரித்தான், இறங்கி வரவில்லை.

"ஏன் அங்கேயே நிற்கிறீர்கள்? வெளியே வாருங்களேன்."

"எப்படி, அம்மா, வாறது?" என்றான் நல்லநாதன். "கடைசி மண்ணையும் நேற்று அள்ளிப்போட்டம். வாசலுக்கு முன்னால இப்ப எங்கட காணியில்லை. கொஞ்சம் பொறுங்கோ, தொழிற்சாலை வாசலில இருந்து ஒரு வண்டில் மண் எடுத்துவரக் குலம் போயிருக்கிறான்."