அழுகாத கட்டு

மடத்துப் பசுக்கள் கோடையில் பட்டினி கிடக்கக் கூடாது என்று குரு மெய்யம்மை ஆண்டுதோறும் ஊறுகாய்ப்புல் போடுவார். பால் பிடித்த மக்காச்சோளத் தட்டையைப் பச்சையாக நறுக்கி, கரும்புப் பாகும், புளிக்க வைக்கும் உறைக் கரைசலும் தெளித்து, உருண்டையாக இறுக்கிக் கட்டி, காற்றுப் புகாமல் பிளாஸ்டிக் தாளைச் சுற்றிவிட வேண்டும். உள்ளே அது மெல்லப் புளித்து, கோடைவரை கெடாமல் இருக்கும்.

சென்ற ஆண்டு கட்டு ஒன்றை எலி கடித்து ஓட்டை போட்டது. பூஞ்சணம் பிடித்த அந்தத் தீவனத்தைத் தின்ற செவலைப் பசுவுக்குச் சினை கலைந்தது. தீவனம் வைத்தவர் சீடர் தீர்த்தகிரி. குருவைவிட வயதில் மூத்தவர். மடத்துக்கு வருமுன் மருத்துவக் கல்லூரியில், பிணங்களைப் பாதுகாக்கும் அறையில் வேலை பார்த்தவர்.

இந்த ஆண்டு செவலை மறுபடியும் சினை. இம்முறை கன்று பிழைக்க வேண்டும். அதற்கென்றே தீர்த்தகிரி தனியாக ஒரு கட்டுப் போட்டார். பாகும் உறையும் தெளிக்கவில்லை. தம் பழைய அறையில் புழங்கிய ஃபார்மலினைத் தெளித்தார். குருவிடம் சொல்லவில்லை.

முதல் வாரம் கொட்டகையில் கட்டுகள் உப்பின. பக்கத்தில் போனால் உள்ளே யாரோ முனகுவதுபோல் கேட்கும். தீர்த்தகிரியின் கட்டு மட்டும் உப்பவில்லை. காதை வைத்தாலும் அதில் ஒன்றும் கேட்கவில்லை.

கோடை வந்தது. அவர் தாளைக் கிழித்தார்.

உள்ளே எல்லாம் பச்சை. அன்றைக்குத்தான் அறுத்ததுபோல். கண் எரிந்தது, மூக்கில் பழைய அறையின் நெடி. ஆறவிட்டால் போய்விடும் என்று வெயிலில் பரப்பினார். நெடி குறைந்தது. பச்சை மாறவில்லை. எறும்புச் சாரை ஒன்று ஓரம்வரை வந்து, வளைந்து, சுற்றிக்கொண்டு போயிற்று. ஓர் ஈகூட உட்காரவில்லை.

ஒரு கூடை அள்ளிச் செவலையின் முன் வைத்தார். அது பசியோடு தலையைத் தாழ்த்தியது. மோந்தது. பிறகு கயிறு இறுகும்வரை பின்வாங்கி, கூடையையும் பார்க்காமல் அவரையும் பார்க்காமல், அவருடைய தோளுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டு நின்றது.

தீர்த்தகிரி திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை.

கூடையைத் தூக்கிக்கொண்டு குருவிடம் விரைந்தார்.

“செவலைக்கு என்ன பிடிவாதமோ, தாயே. நல்ல தீவனத்தை ஒதுக்குகிறது.”

குரு கூடையைப் பார்த்தார். “என்ன தெளித்தீர்கள்?”

சொன்னார்.

“அதை அந்தப் பழைய அறையில் என்ன செய்வீர்கள்?”

“செத்தவர் உடம்புக்குள் ஏற்றுவோம், தாயே. வருஷக்கணக்கில் அப்படியே இருப்பார்கள். ஓர் இமைமயிர்கூட உதிராது.”

“கூப்பிட்டால் எழுந்து வருவார்களோ?”

“விளையாடாதீர்கள், தாயே.”

குரு கொட்டகைக்கு நடந்தார். தாம் போட்ட கட்டு ஒன்றைக் கிழித்தார். மங்கிய மஞ்சள் நிறம். புளித்த மாவின் வாசம். ஈக்கள் மொய்த்தன. ஒரு கை அள்ளி நீட்டியதும் செவலை கயிற்றை இழுத்துக்கொண்டு வந்து தின்றது. மீந்த துணுக்கைக் குரு தம் வாயில் போட்டு மென்றார்.

“புளிப்புக் கொஞ்சம் தூக்கல்” என்றார். “இப்போது உங்களுடையது. ஒரு துணுக்கு வாயில் போடுங்கள்.”

தீர்த்தகிரியின் கை கூடைவரை போயிற்று. அங்கேயே நின்றுவிட்டது.

“உங்களுடையது நிறம் செத்துப் புளித்துக் கிடக்கிறது” என்றார். “இதில் ஒரு புள்ளிப் பூஞ்சணம் உண்டா? அறுத்த அன்று இருந்தபடியே இருக்கிறதே. இதில் என்ன குறை, தாயே?”

குரு கூடையை வாங்கித் தரையில் வைத்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து, அந்தப் பச்சை தெரியாதபடி மெல்ல மூடினார்.

“செவலைக்குத் தெரிந்துவிட்டது, ஐயா. இதற்குத்தான் இன்னும் தெரியவில்லை, தன்னை அறுத்துவிட்டார்கள் என்று.”