குடத்துப் பெட்டி

பெரம்பூரில் ஒரு குரு இருந்தார். பெயர் ஜெசிந்தா, வயது முப்பத்தொன்று. மாடியறையில் பேஸ் கிடார் சொல்லிக்கொடுப்பது தொழில். சீடர்களில் மூத்தவர் கோதண்டம், வயது அறுபத்துமூன்று. ரயில்வே ஸ்டோர்ஸில் முப்பது வருஷம் டெண்டர் எழுதி ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மறுநாளே கிடார் வாங்கினார். வீட்டில் யாரும் தடுக்கவில்லை. சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப் இல்லாத பேஸ் கிடார் பக்கத்து அறைக்குக்கூடக் கேட்காது.

ஒரு புதன்கிழமை காலை அவர் மூச்சு வாங்க மாடியேறி வந்தார். கையில் நாலு பக்கத் தாள்.

"மாஸ்டர், ஒரு சந்தேகம்."

"சொல்லுங்க சார்."

"வெளியூர்க் கச்சேரிக்கு சவுண்ட் சர்வீஸ்காரங்ககிட்ட ஆம்ப் வாடகைக்குக் கேக்கறோம். நாம சொல்றது ஒண்ணு, வர்றது ஒண்ணு. சொன்னதே வரணும்னா எப்படி எழுதணும்?"

சந்தேகம் சும்மா வரவில்லை. பேஸ் ஆம்ப் என்பது ஒரு சின்ன பீரோ. ரயிலில் தூக்கிப்போக முடியாது. போகிற ஊரில்தான் வாடகைக்கு எடுக்க வேண்டும். போன மாதம் தான் வாசிக்கும் மெல்லிசைக் குழுவின் திருச்சிக் கச்சேரிக்குப் பதினொரு வரிப் பட்டியல் அனுப்பினார். எல்லாம் இருக்கிறது என்று பதில் வந்தது. போய்ப் பார்த்தால், கீபோர்டுக்கு வைக்கிற பழைய ஆம்ப் ஒன்று சளி பிடித்த தொண்டையோடு உட்கார்ந்திருந்தது. பட்டியலில் வரிக்கு வரி 'அல்லது அதற்கு இணையானது' என்று எழுதியவரும் நம் கோதண்டம்தான். முப்பது வருஷ டெண்டர் பழக்கம், விடுமா?

மூன்று மணி நேரம் விரல் தேய வாசித்தார். ஒருவருக்கும் கேட்கவில்லை. செவிடன் காதில் ஊதிய சங்கு என்பார்கள். இங்கே சங்கே ஊமை.

திரும்பும் ரயிலில் குழுத் தலைவர் தயானந்தன் தன்மையாகத்தான் சொன்னார். "தப்பா எடுத்துக்காதீங்க சார். அடுத்த மாசம் சங்கரன்கோவில்லயும் இப்படியே ஆச்சுன்னா, பேஸை கீபோர்டுலயே பார்த்துக்கறோம். உங்களுக்கும் அலைச்சல் மிச்சம்."

அலைச்சல் மிச்சம் என்ற வார்த்தை அவரைத் தூங்கவிடவில்லை. மேடையின் இடது மூலையில் கிடாரோடு நிற்கும்போது வரும் சந்தோஷம் அவருக்கு உத்தியோகத்தில் ஒருநாளும் இருந்ததில்லை. அந்த மூலை போய்விடும் என்று நினைக்கவே பயமாக இருந்தது. அதனால் இந்த முறை நாற்பத்திரண்டு வரி எழுதியிருந்தார். 'இணையானது' என்ற சொல்லை அடியோடு எடுத்துவிட்டார்.

ஜெசிந்தா நாலு பக்கத்தையும் பொறுமையாகப் படித்தார். கடைசி வரிக்குக் கீழே பென்சிலால் என்னவோ எழுதித் திருப்பிக் கொடுத்தார்.

"சங்கரன்கோவில் சவுண்ட் சர்வீஸுக்குப் போனைப் போடுங்க சார். ஸ்பீக்கர்ல."

மணி அடித்ததும் எடுத்துவிட்டார்கள். கோதண்டம் தொண்டையைக் கனைத்துக்கொண்டு வாசிக்கத் தொடங்கினார். ஐந்நூறு வாட்ஸ் ஆம்ப்.

"இருக்கு அண்ணாச்சி."

பத்து அங்குல ஸ்பீக்கர் நாலு வைத்த பெட்டி, வெளிநாட்டுத் தயாரிப்பு.

"இருக்கு அண்ணாச்சி."

வரிக்கு வரி அதே பதில். கோதண்டத்தின் முகம் மலர்ந்துகொண்டே போனது. அதே வேகத்தில் பென்சில் வரியையும் வாசித்துவிட்டார்.

"ஜெசிந்தா மாடல் ஆம்ப், பதினாறு வால்வு, ஒண்ணு."

வாசித்த பிறகுதான், அப்படி ஒரு ஆம்ப் உலகத்திலேயே கிடையாது என்று உறைத்தது.

"அது ரெண்டு கெடக்கு அண்ணாச்சி. எது வேணுமோ எடுத்துக்கிடலாம்."

கோதண்டம் போனை வைத்தார். காது மடல் சிவந்துவிட்டது.

"அண்டப் புளுகு மாஸ்டர்! வேற ஆளைப் பார்க்கறேன்."

"வேற ஆள் என்ன சொல்வார்?"

கோதண்டம் யோசித்தார். "அவனும் இருக்குன்னுதான் சொல்வான்."

ஜெசிந்தா பட்டியலை வாங்கி எட்டாக மடித்தார். அந்த அறையில் ஒரு ஸ்டூல் உண்டு, எப்போதும் ஒரு பக்கம் ஆடும். அதன் காலுக்கு அடியில் மடிப்பைச் செருகினார். ஸ்டூல் ஆடாமல் நின்றது.

"இதுல உட்கார்ந்து மறுபடி பேசுங்க சார்."

"தாள் இல்லாம என்னன்னு பேச?"

"அந்த மனுஷன் அந்த ஊர்ல எதை வெச்சுப் பேர் எடுத்தார்னு பேசுங்க."

டெண்டரில் அப்படி ஒரு கேள்வியே கிடையாது. கோதண்டம் கூச்சத்தோடு மறுபடி எண்ணை அழுத்தினார்.

"சொல்லுங்க அண்ணாச்சி. ஏதும் விட்டுப்போச்சா?"

"இல்லீங்க. உங்க பேரு கேக்க மறந்துட்டேன்."

"பேச்சிமுத்து."

"பேச்சிமுத்து, உங்க ஊர்ல எந்த விசேஷம்னா உங்களைத்தான் கூப்பிடுவாங்க?"

பேச்சிமுத்துவின் குரலே வேறு மாதிரி ஆனது.

"கோயில் கொடைக்கு அண்ணாச்சி, எங்க பக்கத்து அம்மன் திருவிழா. கொடைன்னா வில்லுப்பாட்டு உண்டும்லா? வில்லும் உடுக்கும் எந்த மைக்குலயும் கேட்டுரும். குடம் இருக்கு பாருங்க, அதோட கனத்த அடிச்சத்தம் அமுங்கிப் போயிரும். குடம் கேக்கலன்னா ஊரே சண்டைக்கு வந்துரும். அதுக்குன்னே நானே ஒரு ஸ்பீக்கர் பெட்டி அடிச்சேன். சரியா வர ரெண்டு வருசம் ஆச்சு. கடைசியில நிக்கவன் நெஞ்சுலயும் கும்முன்னு வந்து விழும்."

கோதண்டம் ஸ்டூலின் நுனிக்கு வந்துவிட்டார். பேச்சிமுத்து குரலைத் தாழ்த்தினார்.

"அண்ணாச்சி, முன்ன நீங்க வாசிச்சதுல பாதி என்ன சாமான்னே எனக்குத் தெரியாது. இல்லன்னு சொன்னா கச்சேரி கைவிட்டுப் போயிரும்லா."

"அதை விடுங்க. அந்தக் குடத்துப் பெட்டி கிடைக்குமா?"

"வெளியூர்க்காரங்க ஒருத்தரும் அதைக் கேட்டதில்ல. கண்டிப்பா கொண்டாந்துருதேன்."

சங்கரன்கோவிலில் சனிக்கிழமை சாயங்காலம் கச்சேரி. பெட்டி லோடு ஆட்டோவில் வந்து இறங்கியது. நாலு பேர் சேர்ந்து தூக்கினார்கள். கம்பெனிப் பெயர் எதுவும் இல்லை. பச்சைப் பெயின்ட்டின் மேல் 'பேச்சியம்மன் துணை' என்று எழுதியிருந்தது.

தயானந்தன் அதைச் சுற்றி வந்து பார்த்தார். "என்ன சார் இது, அரிசி கொட்டி வைக்கிற பெட்டியா?"

கோதண்டம் கிடாரைத் தோளில் மாட்டிக்கொண்டார். பேச்சிமுத்து ஒயரைச் செருகிவிட்டு நிமிர்ந்தார்.

"அந்தத் தடிச்ச கம்பியை ஒரு தட்டு தட்டுங்க அண்ணாச்சி."

தட்டினார். மேடைப் பலகை அவர் உள்ளங்காலில் பேசியது. மைதானத்தின் கடைசியில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நடு மைதானத்தில் நின்ற தயானந்தன் தன் நெஞ்சில் கை வைத்தார்.

மூன்றாவது பாட்டில் கீபோர்டுக்காரர், பேஸ் வாசிக்கத் தயாராக வைத்திருந்த இடது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அதற்கு இனி அங்கே வேலை இல்லை. ஏழாவது பாட்டில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்தார்கள். பஸ்ஸுக்கு நின்றவர்கள் பஸ்ஸை விட்டுவிட்டு வேலியோரம் வந்து காலால் தாளம் போட்டார்கள். கடைசிப் பாட்டு முடிந்தும் கூட்டம் விடவில்லை. தயானந்தன் மைக்கைப் பிடித்தார்.

"பேஸ் கிடார், நம்ம கோதண்டம் சார்!"

குழுவில் சேர்ந்து ஒரு வருஷமாகியும் அவர் பெயர் மைக்கில் வந்தது அன்றுதான். கோதண்டம் தனியாக வாசித்தார். நாலே கம்பி, ஒரு மைதானமே ஆடியது. அவருக்கு அழுகை வந்தது. துடைத்துக்கொள்ளக் கை ஒழியவில்லை, அப்படியே அழுதுகொண்டு வாசித்தார். பெட்டிக்குப் பக்கத்தில் பேச்சிமுத்து, மகள் கல்யாணத்தில் நிற்பவரைப் போல நின்றுகொண்டிருந்தார்.

திங்கட்கிழமை காலை கோதண்டம் மாடிப்படியை இரண்டிரண்டாக ஏறி வந்தார்.

"மாஸ்டர், ஜெயிச்சுட்டோம்! என் இடத்துல கை வைக்க இனி ஆளில்ல. மொத்தக் குழுவுக்கும் சாமான் பேசறதே என் பொறுப்புன்னு தயானந்தன் சொல்லிட்டார்."

"ரொம்ப சந்தோஷம் சார்."

"அடுத்த கச்சேரி ஓசூர்ல. பேச்சிமுத்துவோட பெட்டியை உள்ளும் புறமும் இஞ்ச் இஞ்சா அளந்து எழுதிட்டு வந்திருக்கேன். ஓசூர் சவுண்ட் சர்வீஸ்காரருக்கு அனுப்பிட்டா, அச்சு அசலா இதே மாதிரி ஒண்ணு ஏற்பாடு பண்ணிடுவார்."

தாளை நீட்டினார். ஜெசிந்தா அதை வாங்கவில்லை.

"ஓசூர்க்காரர் என்ன பெட்டி வெச்சிருக்கார் சார்?"

"அது தெரியாது மாஸ்டர்."

"அப்போ, இதைவிட நல்லதாக்கூட இருக்கலாமே."