புகைக்கு வழி விட்ட கறையான்

அந்தக் காலத்தில் கறையான் மரம் தின்னாது. உதிர்ந்த சருகைத் தின்றுகொண்டு, மனிதர்களோடு பேசிப் பழகி, யார் வம்புக்கும் போகாமல் இருந்தது. இன்றைக்கு நம் வீட்டு நிலைப்படியைப் பொடியாக்குகிற அதே கறையான்தான். நம்பக் கஷ்டமாக இருக்கும். இருந்தாலும் கேளுங்கள்.

செம்மணல் மேடாகக் கிடக்கும் தேரியை ஒட்டிய பனங்காட்டில் தங்கப்பழம் என்ற பனையேறியும் அவன் மனைவி லிங்கக்கனியும் இருந்தார்கள். விடிந்ததும் அவன் பதநீர் இறக்கி வருவான். அவள் அதை உடனே அடுப்பில் ஏற்றி, உச்சி வெயில்வரை கிண்டிக் கருப்பட்டி ஆக்குவாள். அந்த அடுப்புக்காக வெட்டவெளியில் கால் நட்டு ஓலை வேய்ந்த கொட்டகைக்கு விடிலி என்று பெயர். தேரிக் காற்று வீசினால் மணல் வந்து பாகில் விழும். ஆகவே தங்கப்பழம் நாலு பக்கமும் ஓலையைத் தரைவரை இறக்கி, முகட்டையும் இறுக்கி வேய்ந்துவிட்டான். மணல் வரவில்லை. புகையும் போகவில்லை.

லிங்கக்கனிக்குக் கண்ணெரிச்சல் பழகிப்போயிற்று. ஆனால் விடிலிக் கூரையைத் தாங்கும் கைமரத்தில் கட்டிய தொட்டிலில் அவளுடைய நாலு மாதப் பெண் குழந்தை கிடந்தது. வெளியே போட்டால் நரி, உள்ளே போட்டால் புகை. நாளுக்கு நாள் குழந்தையின் அழுகை சிறுத்துக்கொண்டே வந்தது. ஒருநாள் காலை அது அழ வாயைத் திறந்தது. சத்தமே வரவில்லை.

பெற்றவள் மனம் என்ன பாடுபட்டிருக்கும்! குழந்தையை வாரிக்கொண்டு வெளியே ஓடினாள். விடிலிக்குப் பின்னால் தோள் உயரத்துக்கு ஒரு கறையான் புற்று இருந்தது. அதில் சாய்ந்து அழுதாள். அப்போது கன்னத்தில் வெதுவெதுவென்று காற்று பட்டது. புற்றின் உச்சித் துளைகளிலிருந்து அது வந்துகொண்டிருந்தது. குனிந்து அடியில் இருந்த துளையில் கை வைத்தாள். அங்கே காற்று உள்ளே போய்க்கொண்டிருந்தது.

மண் மூச்சு விட்டது. அவளுக்கு அழுகை நின்றுபோயிற்று.

"தாயே, ஒன் வீட்டுக்குள்ள எத்தன பேரு இருக்கீக?" என்று கேட்டாள்.

"எண்ணுனதில்ல பிள்ள," என்றது கறையான் தாயின் குரல். "ஆனா ஒருத்தருக்கும் மூச்சு முட்டுனதில்ல."

"அது எப்படி?"

"கீழ ஒரு வாய், மேல ஒரு வாய். சூடானது தானா மேல ஏறிரும். அது போன எடத்துக்குக் குளுந்தது கீழருந்து வந்துரும். நாம தள்ளவும் வேண்டாம், இழுக்கவும் வேண்டாம். மறிக்காம இருந்தாப் போதும்."

லிங்கக்கனிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. விரல் நுனியில் ஒட்டினால்கூடத் தெரியாத உயிருக்கு இவ்வளவு தெரிந்திருக்கிறது! அதற்குள் தேரிக் காற்று கிளம்பி மணலை வாரி இறைத்தது. குழந்தையை மறுபடி தொட்டிலில் போட்டு, அடுப்பை அணைத்தாள். அணைந்த விறகு முன்னைவிட அதிகமாகப் புகைந்தது.

"ஏங்க, புத்து மண்ணு மூச்சு விடுது, நான் பாத்தேன். அதுமாரி நம்ம முகட்டத் திறந்து விடுங்க!" என்று புருஷனைக் கூப்பிட்டாள்.

"கோட்டி பிடிச்சிருக்கா ஒனக்கு? ஒரு பொட்டு மழ விழுந்தாலும் பாகு எறுகாது. மண்ணு மூச்சு விடுதாம், இவ பாத்தாளாம்!"

"பிள்ளைக்கு மூச்சு நிக்கப் போவுதே!"

தங்கப்பழம் கெட்டவன் இல்லை. எதையும் தன் கண்ணால் பார்த்தால்தான் நம்புவான், அவ்வளவுதான். "நில்லு, பாத்துட்டு வாரேன்" என்று புற்றுக்குப் போனான். பனம்பாளையின் நுனியை நாள்தோறும் மெல்லிசாகச் சீவினால்தான் பதநீர் சொட்டும். அப்படிச் சீவிப் பழகிய கை, அதே அரிவாளால் புற்றின் தலையைச் சீவியது. ஒரு சீவல், இன்னொரு சீவல். மூன்றாவதில் புற்று திறந்துகொண்டது.

உள்ளே ஓர் ஊரே இருந்தது. மாடத்துக்குமேல் மாடம், தெருவுக்குக் குறுக்கே தெரு, நடுவே அரிசி கொட்டியதுபோல் முட்டைகள். தங்கப்பழம் அரிவாளைக் கீழே போட்டுவிட்டு முழங்காலில் விழுந்தான். ஆனால் அவன் பார்வையோடு சேர்ந்து வெயிலும் உள்ளே போய்விட்டது. அவன் பார்க்கப் பார்க்க முட்டைகள் சுருங்கின.

"என் பிள்ளைங்க!" என்று கறையான் தாய் அலறியது.

அந்த அலறல் லிங்கக்கனிக்கு நன்றாகப் புரிந்தது. அன்றைய பதநீரில் இன்னும் அடுப்பில் ஏற்றாதிருந்த கலயத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். முழுவதையும் மண்ணில் கொட்டிப் பிசைந்து, புற்றின் தலையை மூடினாள். ஆனாலும் பாதி முட்டைகள் போய்விட்டன.

"மூடுனவ நீ. தெறந்தவன் ஒன் புருசன்," என்றது கறையான் தாய். "எங்க கூர போச்சு. ஒங்க கூரையும் போகட்டும்."

அடித்துளைகளிலிருந்து கறையான்கள் வெள்ளமாகப் புறப்பட்டு, விடிலியின் அடி ஓலையைத் தின்றுகொண்டே கால்களில் ஏறி, முகட்டு ஓலையைத் தின்ன ஆரம்பித்தன. தங்கப்பழம் உள்ளே ஓடி, அடுப்பில் புகைந்துகொண்டிருந்த கொள்ளியை ஊதிக் கனலாக்கி ஓங்கினான். தொட்டிலருகே நின்று முந்தானையால் விசிறிக்கொண்டிருந்த லிங்கக்கனி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மொதல்ல தப்பு செஞ்சது நாம. திங்கட்டும், விடுங்க."

அவன் கொள்ளியை இறக்கினான். மேலே ஒரு கீற்று வெளிச்சம் தெரிந்தது. பிறகு ஒரு முழ நீளத்துக்கு முகடு பிளந்தது. அடைபட்டுக் கிடந்த புகை மெல்ல எழுந்து நின்றது. மேலே ஓடிய தேரிக் காற்று அதைப் பிடித்து இழுத்தது. தூண்போல் நிமிர்ந்து, யாரும் தள்ளாமலே, புகை வானத்துக்குப் போயிற்று. கறையான் தின்ற அடி ஓலைகளின் வழியே குளிர்ந்த காற்று உள்ளே வந்தது. புருஷனும் பெண்டாட்டியும் அதையே பார்த்தபடி நின்றார்கள்.

குழந்தை ஒரு தும்மல் போட்டது. அடுத்து, தொண்டை கிழிய அழுதது.

முகட்டிலிருந்த கறையான்கள் புகை தாங்காமல் உதிர்ந்து புற்றுக்குத் திரும்பின. "அது என்ன சத்தம்?" என்று கறையான் தாய் கேட்டது.

"எம் பிள்ள, தாயே. ஒன் கோவந்தான் அவளுக்கு மூச்சாப் போச்சு" என்று லிங்கக்கனி புற்றின் முன்னால் விழுந்து அழுதாள்.

திரும்பி வந்தவற்றில் கடைசிக் கறையானும் துளைக்குள் இறங்கியது. பிறகு குரல் வந்தது: "போன பிள்ளைங்க போனதுதான். மனுசனோட இனி எங்களுக்குப் பேச்சில்ல. ஒங்க வீட்டு மரமெல்லாம் எங்க தீனி. ஆனா அந்தப் பொகை பட்ட கட்டைய மட்டும் தொட மாட்டோம். அதுக்குக் கீழ ஒரு பிள்ள மூச்சு விடுது."

அதுதான் கறையான் பேசிய கடைசிப் பேச்சு. மறுநாள் தங்கப்பழம் திறந்த முகட்டை மூடவில்லை. மழைக்கு மறைவாக, அதற்குமேல் ஒரு சாண் தூக்கி, தொப்பிபோல் சின்னக் கூரை ஒன்று வைத்தான். அடியிலும் ஒரு சாண் ஓலையை நறுக்கிவிட்டான்.

அன்று முதல்தான் வெளியடுப்புக் கொட்டகையின் முகட்டில் புகைக்கு வழி விடுகிறார்கள். அன்று முதல்தான் யார் கீறினாலும் பொழுது சாய்வதற்குள் புற்று மூடிக்கொள்கிறது. வீட்டில் எத்தனை மரத்தைத் தின்றாலும், அடுப்புக்கு மேலே கரி படிந்த கைமரத்துக்கு வந்ததும், சத்தம் போடாமல் கறையான் திரும்பிப் போய்விடுகிறது.