கரிச்சானுக்குக் கிடைத்த காவல் வேலை

அல்லிக்குளத்தங்கரையில் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. அதற்குக் கூரை கிடையாது, மணி கிடையாது. வாத்தியார் ஒரு கூழைக்கடா. அவருடைய அலகுக்குக் கீழே தொங்கும் பையில் எப்போதும் ஒரு மீனாவது இருக்கும். அதனால் அவர் எதைச் சொன்னாலும் வாய் நிறையச் சோற்றை வைத்துக்கொண்டு பேசுவது போலவே கேட்கும்.

"ம்ம், பிள்ளைகளா, நல்ல குணத்தை நான் ஊட்ட முடியாது, ம்ம். குழுவா சேர்ந்து நீங்களே செஞ்சு பழகிக்கணும்."

இப்படிச் சொல்லிவிட்டு அவர் மீன் பிடிக்கப் போய்விடுவார். பிள்ளைகள் குழுவாக உட்கார்ந்து நல்ல குணத்தைத் தேடுவார்கள்.

கருவேல மரத்தடிக் குழுவில் ஐந்து பேர். கீரி, முயல், அணில், முள்ளம்பன்றி, கரிச்சான் குருவி. அந்த மாதம் கீரிதான் லீடர். குழு எடுத்துக்கொண்ட குணம், துணை. அதற்காக ஒரு வேலையும் முடிவாகியிருந்தது. மறுநாள் காலையில் இரண்டிரண்டு பேராக எதிர்க்கரை விளா மரத்துக்குப் போக வேண்டும். ஒரு ஜோடிக்கு ஒரு பழம். காம்பைக் கடித்துத் தள்ள ஒருவர், கீழே விழுந்ததை உருட்டி வர ஒருவர். சாயங்காலம் எல்லாப் பழத்தையும் உடைத்து எல்லோரும் தின்ன வேண்டும்.

"ஜோடி சேருங்க. சீக்கிரம். சரியா?" என்றது கீரி. எதைச் சொன்னாலும் கடைசியில் ஒரு 'சரியா' போட்டால்தான் அதற்கு வாய் மூடும்.

முயல் ஒரே தாவில் கீரியின் பக்கத்தில் போய் நின்றது. முள்ளம்பன்றி அணிலைப் பார்த்தது. அணில் ஓர் அடி தள்ளி நின்றபடியே தலையாட்டியது. மிச்சம் கரிச்சான்.

ஐந்து பேரை இரண்டிரண்டாகப் பிரித்தால் ஒருவர் மிச்சம் வருவது யாருடைய குற்றமும் இல்லை. ஆனால் போன தடவை மிச்சம் வந்ததும் கரிச்சான்தான். அதற்கு முந்தின தடவையும் கரிச்சான்தான்.

"நீ காவல்," என்றது கீரி. "இந்தக் கல்லு மேல உட்கார்ந்து பார்த்துக்கோ. அதுவும் முக்கியமான வேலைதான். சரியா?"

எதைக் காக்க வேண்டும் என்று கீரி சொல்லவில்லை. கரிச்சானும் கேட்கவில்லை. காவல் என்றால் என்ன அர்த்தம் என்று பள்ளிக்கூடம் போன எல்லோருக்கும் தெரியும்.

இதில் ஒரு வேடிக்கை. அந்தக் குளத்தங்கரையிலேயே பெரிய கூட்டம் கூடுவது கரிச்சானைச் சுற்றித்தான். மத்தியான இடைவேளையில் அது கருவேல மரத்தின் உச்சிக் கிளையில் போய் உட்காரும். கூட்டம் கீழே வந்து சேரும். கரிச்சான் தொண்டையைத் திறந்தால் கீரி வெளியே வரும், சரியா சரியா என்று. அடுத்து முயல் வரும், பாதி வார்த்தையை விழுங்கிக்கொண்டு, யாரோ துரத்துவது போல. கூழைக்கடா வாத்தியார் வந்தால் பையில் மீன் புரளும் சத்தம்கூடக் கேட்கும். தவளைகள் சிரித்துச் சிரித்துத் தண்ணீரில் விழும். யாருடைய குரல் வருகிறதோ அவர் மட்டும் கொஞ்சம் தாமதமாகச் சிரிப்பார்.

எல்லாவற்றிலும் அதிகக் கைதட்டல் வாங்கியவை இரண்டு. ஒன்று அணிலுடையது. தனியாகத் தூங்கப் பயமாக இருக்கிறது என்றும், அதனால் தினமும் தன் வாலிடம் 'தூங்கு கண்ணு, நான் இருக்கேன்' என்று சொல்லிவிட்டுத்தான் படுப்பதாகவும் அணில் ஒருநாள் கரிச்சானிடம் மட்டும் சொல்லியிருந்தது. மறுநாள் மத்தியானம் அது குளம் முழுக்கத் தெரிந்துவிட்டது, அணிலின் குரலிலேயே.

இன்னொன்று முள்ளம்பன்றியுடையது. அது ஒருநாள் புதருக்குப் பின்னால் நின்று, எப்படிக் கேட்டால் விளையாட்டில் சேர்த்துக்கொள்வார்கள் என்று தனக்குத்தானே பேசிப் பார்த்துக்கொண்டிருந்தது. "நான் குத்த மாட்டேன். கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தா போதும். குத்தவே மாட்டேன்." கரிச்சான் அதைக் கேட்டுவிட்டது. கேட்டால் விடுமா? ஒரு மாதம் ஓடியது அந்த நாடகம்.

இடைவேளை முடிந்ததும் கூட்டம் இரண்டு பேர், மூன்று பேராகப் பிரிந்து பேசிக்கொண்டே போகும். உச்சிக் கிளையில் கரிச்சான் மட்டும் இருக்கும். அதற்கு வால் இரண்டாகப் பிரிந்திருக்கும் அல்லவா? "உனக்கென்னடா, வாலே ஒரு ஜோடி," என்று முயல் ஒருமுறை சொன்னது. எல்லோரும் சிரித்தார்கள். அன்றைக்குக் கரிச்சான் கொஞ்சம் தாமதமாகச் சிரித்தது.

இந்தத் தடவை காவல் கல்லில் உட்காருவதில்லை என்று கரிச்சான் முடிவு செய்தது. ஒரே ஒரு நாள், பக்கத்தில் ஒருத்தர் நடந்து வர வேண்டும். போகும்போதும் வரும்போதும் பேசிக்கொண்டே. அவ்வளவுதான் அதற்கு வேண்டியது. அதை யாரிடமாவது நேராகக் கேட்டிருக்கலாம். கேட்க வாயைத் திறந்தபோது அதற்கு வேறொரு யோசனை வந்தது.

குழு கலையும் நேரத்தில் கோரைப் புல்லுக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது.

"ம்ம், கீரி, ஜோடியை மாத்து. கரிச்சானோட அணில் போகட்டும். முள்ளம்பன்றி, ம்ம், காவல்."

மீன் புரளும் சத்தம்கூட இருந்தது.

"சரி சார்," என்றது கீரி.

முள்ளம்பன்றி மட்டும் கோரையை நோக்கி இரண்டு அடி வைத்தது. "சார், காவல்னா கல்லு மேலயா சார், கீழயா?"

கோரைப் புல் இதை எதிர்பார்க்கவில்லை. மறுபடியும் மீன் புரளும் சத்தம் கேட்டது. பிறகு, "ம்ம். மேல," என்றது.

மறுநாள் காலையில் கரிச்சானும் அணிலும் எதிர்க்கரைக்குக் கிளம்பின. கரிச்சான் பறக்கவில்லை. பக்கத்தில் ஒருத்தர் வரும்போது எதற்குப் பறப்பது? தத்தித் தத்தி நடந்தது. பேச்சை நிறுத்தவேயில்லை. தண்ணீர் குறைந்துவிட்டது பார் என்றது. இந்த வருஷம் விளாம்பழம் சின்னதாக இருக்கும்போல என்றது. உனக்குப் பழுத்தது பிடிக்குமா, செங்காயா என்று கேட்டது. அணில் ஒன்றுக்குத் தலையாட்டியது, ஒன்றுக்கு வாலை ஆட்டியது. வாயைத் திறக்கவில்லை.

விளா மரத்தில் அணில் ஏறிக் காம்பைக் கடித்தது. பழம் விழுந்தது. கரிச்சான் தலையால் முட்டி உருட்டப் பார்த்து, உருட்ட முடியாமல் தானே உருண்டது. அணில் இறங்கி வந்து மறுபக்கம் நின்று தள்ளியது. இரண்டும் சேர்ந்து தள்ளின. மனசுக்குள் கரிச்சான் நினைத்திருந்ததும் இதுதான். ஆனால் பழம் உருளும் சத்தத்தைத் தவிர ஒரு சத்தமும் இல்லை.

பாதி வழியில் கரிச்சான் கீரி மாதிரி பேசிக் காட்டியது. பிறகு முயல் மாதிரி. பிறகு வாத்தியார் மாதிரி. அணில் சிரிக்கவில்லை. தனியாகக் கல்லில் உட்கார்ந்திருந்த நாட்களில்கூடக் கரிச்சானுக்கு இப்படி இருந்ததில்லை. அப்போது பக்கத்தில் ஆள் இல்லை. இப்போது ஆள் இருந்தும் இல்லை.

"ஏன்டி ஒரு வார்த்தைகூடப் பேச மாட்டேங்கற?" என்று கேட்டது.

அணில் பழத்தைத் தள்ளுவதை நிறுத்தியது.

"பேசினா நாளைக்கு மரத்து மேலருந்து அது எல்லாருக்கும் கேக்கும்."

கரிச்சான் பழத்தைச் சுற்றி அணிலிடம் வந்தது. "அப்ப ஏன் என்கூட வந்தே? சார் சொன்னாருங்கறதுக்காகவா?"

"சார் வடக்கு ஏரிக்குப் போனவரு இன்னும் வரலை. அவரு கிளம்பினதை நான் பார்த்தேன். கோரைக்குள்ள நீதான் இருந்தேன்னு எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சுமா வந்தே?"

"வரலைன்னா, வர மாட்டேன்னு நான் எப்படிச் சொன்னேன்னு அதையும் நடிச்சுக் காட்டுவே."

அணில் மறுபடியும் பழத்தைத் தள்ள ஆரம்பித்தது. கரிச்சானும் மறுபக்கம் போய்த் தலையால் முட்டித் தள்ளியது.

கருவேல மரத்தடிக்கு வந்தபோது காவல் கல்லின் மேல் முள்ளம்பன்றி உட்கார்ந்திருந்தது. முதுகு முட்களை எல்லாம் விறைப்பாக நிறுத்தி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துக்கொண்டிருந்தது. காலையிலிருந்து அது கல்லைவிட்டு இறங்கவில்லை. தண்ணீர் குடிக்கக்கூடப் போகவில்லை. எதைக் காக்கிறோம் என்று தெரியாததால் எல்லாவற்றையும் காத்துக்கொண்டிருந்தது.

"ஒரு நண்டு மட்டும் வந்துச்சு. போன்னு சொன்னேன், போயிடுச்சு," என்று பெருமையாகச் சொன்னது. பிறகு அவர்கள் உருட்டி வந்த பழத்தைப் பார்த்தது. அது தன்னுடைய பழமாக இருந்திருக்க வேண்டியது. "பெரிய பழமா இருக்கே," என்றது மெதுவாக.

தன் கல்லில் இன்னொருவர் உட்கார்ந்தால் எப்படி இருக்கும் என்று கரிச்சான் அதுவரை பார்த்ததில்லை. கீழேயிருந்து பார்க்கும்போது அந்தக் கல் ரொம்பச் சின்னதாக இருந்தது.

முயலும் கீரியும் தங்கள் பழத்தோடு வந்து சேர்ந்தார்கள். கரிச்சான் உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தது. "ம்ம், பிள்ளைகளா" என்று வந்தது. எல்லோரும் சிரிக்கத் தயாரானார்கள். கரிச்சான் வாயை மூடி மறுபடியும் திறந்தது. "நான் சொல்றதைக் கேளுங்க, சரியா?" என்று கீரியின் குரல் வந்தது. முயல் அதற்குள்ளேயே சிரிக்க ஆரம்பித்துவிட்டது. கரிச்சான் கண்ணை மூடிக்கொண்டு மூன்றாவது தடவை முயன்றது.

இந்தத் தடவை வந்தது ஒரு கரகரத்த குரல். இரண்டு காய்ந்த பனையோலை உரசுவது மாதிரி.

முள்ளம்பன்றி திரும்பித் திரும்பிப் பார்த்தது. "யாரு பேசறது? காவல் இருக்கும்போது வெளியாளு வந்துட்டாங்களா?"

"நான்தான்," என்றது அந்தக் கரகரத்த குரல். "இதுதான் என் குரல். கோரைக்குள்ள பேசினது சார் இல்லை. நான். அணிலுக்கு விருப்பம் இல்லாமலே அதைக் கூட்டிட்டுப் போனேன். முள்ளம்பன்றி, உன்னை இங்க உட்கார வச்சதும் நான்தான்."

சொல்லி முடிந்ததும் எல்லோரும் ஓடிவந்து அதைக் கட்டிக்கொண்டார்கள் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. சார் குரலில் பேசியதற்கு அடுத்த தடவை நீதான் காவல் என்று கீரி தீர்ப்பு சொன்னது. சொல்லிவிட்டுச் சரியா என்று கேட்டது. சரி என்றது கரிச்சான். பழங்களை உடைத்தார்கள். குழுவின் விதிப்படி அதற்கும் ஒரு பங்கு கிடைத்தது. அதை அது கிளையில் வைத்துத் தனியாகத் தின்றது.

அடுத்த குழு வேலைக்கு மற்ற நால்வரும் ஜோடி ஜோடியாகத் தாமரைக் கிழங்கு தோண்டப் போனார்கள். கரிச்சான் காவல் கல்லில் உட்கார்ந்தது. பொழுது சாயும் நேரத்தில் முள்ளம்பன்றி சேற்றுக் காலோடு திரும்பி வந்தது. கல்லுக்குப் பக்கத்தில், கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தது.

"குத்த மாட்டேன்," என்றது.

"தெரியும்," என்றது கரிச்சான், தன் கரகரத்த குரலில்.

பிறகு முள்ளம்பன்றி ஒரு விஷயம் சொன்னது. மெதுவாக, நிறுத்தி நிறுத்தி, இதுவரை யாரிடமும் சொல்லாத ஒரு விஷயம். தூரத்தில் வந்துகொண்டிருந்த முயல் அதைப் பார்த்துவிட்டது.

மறுநாள் மத்தியானம் கருவேல மரத்தடியில் முன்னெப்போதும் இல்லாத கூட்டம். முள்ளம்பன்றி என்ன சொன்னதாம், நடித்துக் காட்டு, நடித்துக் காட்டு என்று ஒரே கூச்சல். முள்ளம்பன்றி கூட்டத்தின் ஓரத்தில் நின்றது. அதன் ஒரு முள்கூட அசையவில்லை.

கரிச்சானுக்குத் தொண்டை அரித்தது. அந்தக் குரல் உள்ளே தயாராக இருந்தது. அந்த இழுப்பு, அந்த நிறுத்தம், எல்லாம். வாயைத் திறந்தால் போதும், குளமே சிரித்துப் புரண்டிருக்கும்.

"சொல்ல மாட்டேன்," என்றது கரகரத்த குரல்.

கொஞ்ச நேரம் காத்திருந்தார்கள். இது புதுசாக ஏதோ நாடகம் என்று நினைத்தார்கள். நாடகம் இல்லை என்று தெரிந்ததும் முதலில் முயல் போனது. "இவன் முன்ன மாதிரி இல்லப்பா," என்று சொல்லிக்கொண்டே போனது. பிறகு தவளைகள் குதித்துப் போயின. மரத்தடி காலியாகிவிட்டது. முள்ளம்பன்றி கடைசியாக, ஒரு தடவை திரும்பி மேலே பார்த்துவிட்டுப் போனது.

அது என்ன விஷயம் என்று நீங்கள் கேட்பீர்கள். எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் சொல்ல மாட்டேன்.

அன்று பொழுது சாய்ந்தபோது கரிச்சான் உச்சிக் கிளையில் தனியாக இருந்தது. இரண்டு கிளை தள்ளி அணில் வந்து உட்கார்ந்தது. வாலைச் சுருட்டிக்கொண்டது. வாலிடம் ஒன்றும் சொல்லவில்லை. வெகுநேரம் குளத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

"நாளைக்கு மழை வரும்போல இருக்கு," என்றது.

அதில் நடித்துக் காட்ட ஒன்றுமே இல்லை. இருந்தாலும் கரிச்சான் அதைப் பத்திரமாகக் காதில் வைத்துக்கொண்டு, "ஆமா," என்றது.

நம்பிச் சொன்னதை ஊர் சிரிக்க எடுத்துக் கொடுப்பவரைச் சுற்றிக் கூட்டம் சேரும்; அதைத் தனக்குள்ளேயே வைத்துக் காப்பவருக்குத்தான் துணை கிடைக்கும்.