துண்டு போட்ட இடம்

மாலையில், கப்பலிலிருந்து இறங்கும் படியிலேயே கார்மேகம் கேட்டுவிட்டார்.

"தோழர், இந்தக் கிரேக்கத் தீவுல ஒரு மனுஷன் நிம்மதியா உக்காருத இடம் எங்கே இருக்கும்?"

இசக்கியம்மாள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டே சொன்னார்.

"செண்பகத்தைக் கேளுங்க."

கார்மேகம் மனைவியைக் கேட்கவில்லை. வழிகாட்டிப் பெண்ணைப் போய்க் கேட்டார்.

கார்மேகத்துக்கு அறுபத்தெட்டு வயது. இசக்கியம்மாள் ஆறு வயது இளையவர். ஆனாலும் கோவில்பட்டி தீப்பெட்டித் தொழிலாளர் சங்கத்தின் படிப்பு வட்டத்தில் கார்மேகத்துக்கு எழுத்தும் அரசியலும் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். நாற்பது வருடமாக எதுவென்றாலும் கார்மேகம் அவரிடம்தான் போய் நிற்பார். கேட்டபடி நடந்துகொண்டாரா என்பது வேறு விஷயம். ஜெர்மனியில் வேலை பார்க்கும் மகள், அப்பா அம்மாவின் நாற்பதாவது மணநாளுக்குக் கப்பல் பயணம் ஏற்பாடு செய்தபோது, தனக்கும் அரிச்சுவடி சொல்லித்தந்த அந்த அம்மாளையும் சேர்த்தே அனுப்பியிருந்தாள்.

அன்று காலை, கப்பலில் தேநீர் குடிக்கும்போது, செண்பகவல்லி குரலை உயர்த்தாமல் கணவரிடம் சொல்லியிருந்தாள்.

"ஊருக்குப் போனதும் நான் சாத்தூர்ல அக்கா வீட்டோட இருந்துக்கிடுதேன். நாப்பது வருஷம் உங்க கூட்டத்துக்கு வெளியிலயே நின்னுட்டேன். ஒரு சாயங்காலம் பக்கத்துல உக்காந்து பேசினது கிடையாது. இன்னைக்கு ஒரு நாள் பாக்கேன்."

அவள் மிரட்டவில்லை. மிரட்டலாக இருந்தால் கார்மேகத்துக்குப் பதில் தெரிந்திருக்கும்.

வழிகாட்டிப் பெண் கோட்டைச் சுவரைச் சொன்னாள். உலகம் முழுக்க அங்கேதான் வந்து சூரியன் கடலில் இறங்குவதைப் பார்க்கிறதாம். சீக்கிரம் போனால்தான் இடம்.

கார்மேகம் நடையைக் கட்டினார். குறுகலான தெரு. அன்றைக்கு ஐந்து கப்பல்கள் வந்து நின்றிருந்தன. ஐந்து கப்பல் ஜனமும் அந்த ஒரே தெருவில் ஏறிக்கொண்டிருந்தது. கூட்டம் என்றால் அவருக்குப் புதிதா? பத்துப் பேரை வைத்தும் ஊர்வலம் போனவர், பத்தாயிரம் பேரை வைத்தும் போனவர். ஆனால் இந்தக் கூட்டத்துக்குக் கோரிக்கை எதுவும் இல்லை. கோரிக்கை இல்லாமல் இத்தனை பேர் இவ்வளவு வேகமாக நடப்பதை அவர் இப்போதுதான் பார்த்தார்.

"ஏங்க, இங்க பாருங்க!"

செண்பகவல்லி பக்கத்துச் சந்தில் நின்றுவிட்டாள். யாரோ ஒரு வீட்டு வாசற்படி. பழைய எண்ணெய் டின்னில் செடி வைத்திருந்தார்கள். செண்பகவல்லி இலையைத் தடவிவிட்டு உள்ளங்கையை முகர்ந்தாள்.

"நம்ம திருநீத்துப் பச்சிலைங்க. அதே வாசம்."

"அதை மோந்து பாக்கவா இம்புட்டுத் தூரம் வந்தோம்? சூரியன் உனக்காக நிக்குமா?"

அவள் கையைத் தாழ்த்திக்கொண்டாள்.

"சரி, ரெண்டு பேரும் இங்கயே இருங்க. நான் இடம் பிடிச்சுட்டு வந்து கூப்பிடுதேன்."

"எதுக்கு இடம்?" என்றார் இசக்கியம்மாள்.

"என்ன தோழர் இப்படிக் கேக்கீங்க? இவ பக்கத்துல உக்காரத்தான்!"

இசக்கியம்மாள் அந்தப் படியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினார்.

கோட்டைச் சுவரில் ஈ நுழைய வழியில்லை. இண்டு இடுக்கில் புகுந்து கார்மேகம் முன்வரிசைக்குப் போனார். இரண்டு பேர் எழுந்த இடத்தில், தோளில் கிடந்த சிவப்புத் துண்டை எடுத்து ஒரே வீச்சு. ஓடுகிற பேருந்தின் ஜன்னலில் துண்டு போட்டுப் பழகிய கை, குறி தப்பவில்லை.

தொப்பி போட்ட ஒரு நெட்டையன் வந்தான். துண்டை இரண்டு விரலால் தூக்கி, சிரித்துக்கொண்டே கார்மேகத்திடம் நீட்டினான். யாரோ மறந்து விட்டுப்போனதை எடுத்துக் கொடுப்பதைப்போல. கொடுத்துவிட்டு அங்கேயே உட்காரப் போனான்.

"ஏய்! ஆள் வருதுய்யா!"

நெட்டையனுக்குப் புரியவில்லை. அவன் மொழியில் ஏதோ சொன்னான். கார்மேகம் தமிழில் இன்னும் சத்தமாகச் சொன்னார். சுற்றியிருந்தவர்கள் திரும்பினார்கள். ஒருத்தி கைபேசியில் படம் பிடித்தாள். பின்னாலிருந்து யாரோ தோளைப் பிடித்துத் தள்ளினார்கள்.

அவ்வளவுதான். கார்மேகம் சப்பணம் போட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு கையாலும் சுவரைப் பிடித்துக்கொண்டார். ஆலை வாசலில் போலீஸ் தூக்கியே நகராத உடம்பு அது. நெட்டையன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றான். கூட்டம் முணுமுணுத்தது. வெயில் முகத்தில் அடித்தது. கார்மேகம் இமைக்கவில்லை.

நெட்டையன் தோளைக் குலுக்கிவிட்டு நகர்ந்தான்.

கார்மேகத்துக்கு நெஞ்சு விம்மியது. எத்தனை போராட்டம், எத்தனை சமரசம்! இதில் முழு வெற்றி. துண்டை மறுபடி விரித்துக் கல்லை வைத்தார். சூரியன் கடலுக்கு ஒரு விரற்கடை மேலே நின்றது. கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடினார்.

சந்தில் ஆள் நடமாட்டமே இல்லை. இருவரும் அதே படியில் உட்கார்ந்திருந்தார்கள். வீட்டுக்காரக் கிழவி யாரென்று கேட்காமலே ஒரு தட்டில் அத்திப்பழம் வைத்துவிட்டுப் போயிருந்தாள். செண்பகவல்லி எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெறும் சுண்ணாம்புச் சுவர். பால் நிறத்தில் இருந்தது, இப்போது குங்குமப்பூ நிறத்தில் நின்றது.

"இடம் கிடைச்சிருச்சு! எந்திரி, எந்திரி!"

அவள் எழவில்லை.

"செண்பகம், நம்ம ரெண்டு பேருக்கும். முன்வரிசை. அடிதடி ஆகிப்போச்சு, விட்டேனா? கடைசியில அவனே ஓடிட்டான். வா!"

அவள் இசக்கியம்மாளிடம் சொன்னாள்: "பாத்தீங்களாக்கா, மறுபடியும் நிறம் மாறிருச்சு."

கார்மேகத்துக்கு மூச்சு வாங்கியது. சட்டை பிடரியில் ஒட்டியிருந்தது. கோட்டைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் கைதட்டும் சத்தம் அங்கிருந்து வந்தது. சூரியன் இறங்கிவிட்டது.

"போச்சு," என்றார். "எல்லாம் போச்சு. தோழர், நீங்களாவது இவளுக்குச் சொல்லக் கூடாதா? இவளுக்காகத் துண்டு போட்டு, உசுரைக் குடுத்துக் காப்பாத்தி வச்சிருந்தேன்."

இசக்கியம்மாள் செண்பகவல்லிக்கு அந்தப் பக்கம் விரலை நீட்டினார்.

படியில், அவளை ஒட்டி, ஓர் ஆள் உட்காரும் அகலத்துக்குக் கைக்குட்டை விரித்திருந்தது. காற்றில் பறக்காமலிருக்க நாலு மூலையிலும் சின்னக் கற்கள்.

"நீங்க அந்தப் பக்கம் போனதும் போட்டா," என்றார் இசக்கியம்மாள். "எடுத்துரட்டுமான்னு இப்பத்தான் என்கிட்ட கேட்டா."