செக்கடித் தெருவுக்கு ஒரு குறையும் இல்லை

ராஜா எதிரே வந்து "சௌக்கியமா?" என்று கேட்டால், பல்வலிக்காரன்கூடச் சிரித்துக்கொண்டே தலையாட்டுவான். உலக வழக்கம் அது. வேங்கைபுரத்து ராஜா திருவேங்கட பூபதிக்கு மட்டும் அது தெரியாது. பாவம், நல்ல மனுஷர். தலைநகரத்து ஜனங்கள் மனநிறைவோடு இருக்கிறார்களா என்று தினமும் காலையில் விசாரிப்பார். நகர மணியக்காரர் தாண்டவராயரும் மீசையைத் தடவிக்கொண்டு தினமும் ஒரே பதிலைச் சொல்வார்: "ஒரு புகார்கூட இல்லை மகாராஜா. பரம திருப்தி."

அது பொய்யில்லை. புகார் நிஜமாகவே வரவில்லை. ஏனென்றால் மணியக்காரர் ராஜாவுக்குத் தெரியாமல் ஊருக்குள் ஒரு சட்டம் போட்டிருந்தார்: குறை சொன்னவரே அதைச் சரிசெய்ய வேண்டும். தெருவிளக்கு எரியவில்லை என்று வாயைத் திறந்தார் நாவிதர் மருதப்பன். அன்று முதல் விளக்கேற்றும் வேலை அவர் தலையில் விழுந்தது. நாய்த்தொல்லை தாங்கவில்லை என்றார் ஒரு செட்டியார். அவர் கையில் கம்பைக் கொடுத்துவிட்டார்கள். அதோடு ஊர் கப்சிப் ஆகிவிட்டது.

ஆப்பக்கடை காத்தாயி மட்டும் அடங்கவில்லை. ராஜா உலா வரும் நாளில் சாக்கடையைப் பாய் போட்டு மூடி, பன்னீர் தெளித்து வைப்பது மணியக்காரரின் பழக்கம். அப்படி ஓர் உலாவின்போது அவள் பல்லக்குக்குக் குறுக்கே போய் நின்றாள், கையில் ஒரு செம்புத் தண்ணீரோடு.

"ராசா, எங்க செக்கடித் தெருச் சாக்கடை அடைச்சுக் கிணத்துல கசியுது. இதை ஒரு வாய் குடிச்சுப் பாருங்க. பிள்ளைகளுக்கு நாங்க இதைத்தான் குடுக்கிறோம்."

"இவளே மண்ணைக் கலக்கிக் கொண்டுவந்திருக்கிறாள் மகாராஜா," என்றார் மணியக்காரர். "தெருவையே கேளுங்களேன்."

மறுநாள் தெருவே சபைக்கு வந்தது. ராஜா ஒவ்வொருவராகக் கேட்டார். "திருப்தி." "திருப்தி." மருதப்பனும் தரையைப் பார்த்துக்கொண்டே "பரம திருப்தி" என்றார். ராஜாவுக்கு முகம் சிவந்துவிட்டது. பொய் சொல்லி ஊரை அவமானப்படுத்தியதற்காகக் காத்தாயி மறுநாளே கடையைக் கட்டிக்கொண்டு ஊரைவிட்டுப் போக வேண்டும் என்று தீர்ப்பாகிவிட்டது.

சபையில் விகடகவி கூத்தபிரானும் இருந்தார். ராஜாவுக்குப் பக்கத்தில் நின்று வாயடிப்பதுதான் அவருக்கு உத்தியோகம். காத்தாயி சுடும் ஆப்பம்தான் அவருக்குக் காலை உணவு. அந்தத் தெருத் தண்ணீர் ஆகாதென்று அவள் அரண்மனைக் கிணற்றுக்கு நடந்து வந்து மாவுக்குத் தண்ணீர் எடுத்துப் போவதை அவரே பார்த்திருக்கிறார். சட்டத்தைப் பற்றி நேராகப் போட்டு உடைக்கலாம்தான். மணியக்காரர் இல்லையென்று சாதிப்பார், தெரு மறுபடியும் தலையாட்டும். முள்ளை முள்ளால்தான் எடுக்க வேண்டும் என்று முடிவு செய்தார்.

"மகாராஜா, எனக்கு ஒரு வருத்தம்," என்றார்.

"உனக்கு என்ன?"

"இப்படி ஒரு தெருவை உண்டாக்கிய மணியக்காரருக்கு நாம் ஒன்றுமே செய்யவில்லையே. செக்கடித் தெருவில் ஒரு வீடு காலியாக இருக்கிறது. அதை அவருக்கே பரிசாகக் கொடுத்துவிடுங்கள். இந்தச் சொர்க்கத்தை உண்டாக்கியவர் அதில் வாழ வேண்டாமா?"

ராஜாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "கொடுத்தேன்," என்றார்.

மணியக்காரரின் மீசை தொங்கிப்போயிற்று. ராஜா வீடு கொடுத்தால் அன்றைக்கே குடும்பத்தோடு போய்ப் பால் காய்ச்சிக் குடியேற வேண்டும். வேண்டாமென்றால் சிம்மாசனத்தை அவமதித்ததாக ஆகும். அந்த ஊர் வழக்கம் அப்படி.

"எதற்கு மகாராஜா சிரமம்... இருக்கிற வீடே போதும்," என்று இழுத்தார்.

"போதாது," என்றார் கூத்தபிரான். "பாலை நானே கொண்டுவருகிறேன். பாத்திரம் கழுவ அந்தத் தெருக் கிணற்றுத் தண்ணீரே இருக்கிறது. காய்ச்சினதும் முதல் டம்ளர் உங்கள் பேரனுக்கு."

பேரன் என்றதும் மணியக்காரரின் சாமர்த்தியமெல்லாம் போய்விட்டது. என்ன இருந்தாலும் தாத்தா அல்லவா. காலில் விழுந்துவிட்டார்.

"மகாராஜா, வேண்டாம். அந்தத் தண்ணீரைக் குழந்தை வாயில் வைக்க முடியாது. சாக்கடை நாறுகிறது. கொசு ஆளைத் தூக்கிக்கொண்டு போகும். மனுஷன் இருப்பானா அங்கே?"

ராஜா காத்தாயியைப் பார்த்தார். அவரால் வெகுநேரம் பார்க்க முடியவில்லை. "தப்பு என்மேல்தான் அம்மா. அந்தச் செம்பை நான் வாங்கியிருக்க வேண்டும்," என்றார்.

"அப்பாடா, ஊரில் முதல் புகார் வந்துவிட்டது," என்றார் கூத்தபிரான். "மருதப்பரே, குறை சொன்னவரை என்ன செய்ய வேண்டும்? இந்த ஊரில் ஏதோ சட்டம் இருக்கிறதாமே?"

மருதப்பன் மணியக்காரரைப் பார்த்தார், ராஜாவைப் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமினார். "குறை சொன்னவரேதான் சரிசெய்யணும் சாமி. இவர் போட்ட சட்டம். மூணு மழைக்காலமா விளக்கேத்துறேன்."

"நல்ல சட்டம்," என்றார் ராஜா பல்லைக் கடித்துக்கொண்டு. "இவரோடு முடியட்டும். யாரங்கே, மண்வெட்டி கொண்டு வாருங்கள்."

ஒரு வாரம் கழித்து ராஜா நடந்தே செக்கடித் தெருவுக்கு வந்தார். பாயும் இல்லை, பன்னீரும் இல்லை. காத்தாயி கடையில் கூத்தபிரான் ஆப்பத்தைத் தேங்காய்ப்பாலில் முக்கிக்கொண்டிருந்தார். ஆப்பத்துக்கு அன்று காசு கேட்க மாட்டேனென்று அவள் சொல்லியிருந்தாள். ஆகவே நிதானமாகச் சாப்பிட்டார். எதிரே, முழங்கால் வரை சேற்றில், தாண்டவராயர்.

ராஜா குனிந்து கேட்டார்: "என்ன மணியக்காரரே, இந்தத் தெருவில் இன்னும் ஏதாவது குறை உண்டா?"

தாண்டவராயர் ஒரு தரம் சாக்கடையைப் பார்த்தார். ஒரு தரம் கையிலிருந்த மண்வெட்டியைப் பார்த்தார்.

"ஒரு குறையும் இல்லை மகாராஜா. பரம திருப்தி."

ராஜா சிரித்த சிரிப்பைக் காத்தாயி வேடிக்கை பார்த்து நின்றதில் ஆப்பம் ஒன்று சட்டியிலேயே கருகிப்போயிற்று.