பன்னிரண்டு பொன் வாடகையும் ஒரு தங்கப் படிக்கமும்

முன்னொரு காலத்தில் வெண்கடம்ப நாட்டைக் கண்டகேசரி என்றொரு ராஜா ஆண்டான். ஆண்டான் என்று சொல்வது ஒரு பேச்சுக்குத்தான். காலையில் தீர்ப்புச் சொல்வான், மத்தியானம் மறந்துவிடுவான். குழம்பில் உப்பு கூடிப்போன அன்றைக்கு வழக்காட வந்த இருவருக்குமே கசையடி. நாடு என்னவோ மந்திரி ஆராவமுதரின் புத்தியால்தான் ஓடிக்கொண்டிருந்தது. அந்த மந்திரி பதவிமேல் கண்ணாக இருந்தார் கருவூல அதிகாரி உலகளந்தார். மந்திரி கிழக்கு என்றால் இவர் மேற்கு என்பார்.

ஒருநாள் சபைக்கு ஒரு ஜோடி வந்தது. ஜோடி என்பதும் பழைய கதை. அன்று இருவரும் ஆளுக்கொரு தூணோரம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்கள். குமுதவல்லி துணிக்குச் சாயம் தோய்ப்பவள், முழங்கை வரை நீலம். திருமேனி கூத்தில் ராஜா வேஷம் கட்டுபவன், வேஷம் கலைத்த பிறகும் அந்த நடையை விடாதவன். தாலி கட்டிக்கொள்ளாமலே ஒரே வீட்டில் குடியிருந்தார்கள். நாலே மாதத்தில் கசந்துபோய்த் திருமேனி மூட்டையைக் கட்டிக்கொண்டு வெளியேறிவிட்டான். வருஷ வாடகை பன்னிரண்டு பொன்னும் முன்கூட்டியே கட்டியாகிவிட்டது.

"மீதி எட்டு மாத வாடகையை வீட்டுக்காரரிடமிருந்து வாங்கி என்னிடம் தரவேண்டும், மகாராஜா!" என்றான் திருமேனி, மீசையைத் தடவியபடி.

"வாங்கினால் நான் வீட்டைவிட்டு இறங்கவேண்டும், மகாராஜா," என்றாள் குமுதவல்லி. "கொல்லையில் சாயத் தொட்டிகளைத் தரையில் புதைத்துக் கட்டியிருக்கிறேன். பெயர்த்தால் உடைந்துபோகும். அது போனால் எனக்குப் பிழைப்பே இல்லை. பன்னிரண்டில் பதினோரு பொன் நான் போட்டது. இவர் போட்டது ஒன்று."

"யார் பார்த்தது? பணம் யார் கையிலிருந்து வந்தது என்று வீட்டுக்காரரைக் கேளுங்கள்!"

அவன் துள்ளியதற்குக் காரணம் இருந்தது. அந்த ஊரில் வாடகையை ஆண் கையால்தான் வாங்குவார்கள். பெண் கையால் வாங்கினால் வீட்டில் லட்சுமி தங்கமாட்டாளாம். லட்சுமியே ஒரு பெண் என்பது அந்த மேதாவிகளுக்குத் தோன்றவில்லை. ஆகையால் குமுதவல்லி சம்பாதித்ததைத் திருமேனி கொண்டுபோய்க் கொடுத்திருந்தான்.

மந்திரி அவளுக்காகப் பேச வாயெடுத்தார். உலகளந்தாருக்கு அது போதாதா?

"தாலி கட்டாதவளுக்குப் பங்கென்ன பங்கு?" என்று சீறினார்.

"தாலிப் பேச்சு இங்கே வேண்டாம், ஐயா," என்றார் மந்திரி. "அந்தப்புரத்தில் மேலண்டைக் கட்டு முழுக்கத் தாலியில்லாதவர்கள்தான்."

ராஜா தொண்டையைக் கனைத்தான். "தாலியை விடும். வேறு பேசும்."

"விட்டேன், மகாராஜா. யார் கை கொடுத்ததோ, அவருடையது பணம். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?"

"ஆகா! குழந்தைக்கும் புரிகிற நீதி!" என்றான் ராஜா. "முரசறையுங்கள்! ஏ பெண்ணே, பௌர்ணமிக்குள் வீட்டைக் காலி செய்!"

குமுதவல்லி மந்திரியைப் பார்த்தாள். "மகாராஜா உத்தரவு," என்று மட்டும் சொன்னார் அவர். "நீங்களும் இவ்வளவுதானா?" என்று முகத்துக்கு நேரே கேட்டுவிட்டுப் போனாள்.

பௌர்ணமிக்கு முன்பே ராஜாவின் பிறந்தநாள் வந்தது. யார் என்ன காணிக்கை கொண்டுவந்தாலும் மந்திரி கையில் கொடுக்கவேண்டும்; மந்திரிதான் ராஜாவிடம் நீட்டுவார். அது அந்தச் சபையின் வழக்கம். உலகளந்தார் மாணிக்கம் பதித்த தங்கப் படிக்கம் ஒன்று கொண்டுவந்தார். எச்சில் துப்புகிற பாத்திரத்துக்கு அத்தனை மாணிக்கம்! மந்திரி வாங்கி நீட்ட, ராஜா வெற்றிலையை நன்றாக மென்று அதில் துப்பிப் பார்த்துப் பூரித்துப்போனான்.

"இதைக் கொடுத்தவருக்கு ஆற்றங்கரைக் கிராமம் ஒன்று!"

உலகளந்தார் அங்கவஸ்திரத்தை இடுப்பில் சுற்றிக்கொண்டு முன்னால் வருவதற்குள், மந்திரி ராஜாவின் காலில் விழுந்துவிட்டார். "மகாராஜாவின் கருணையே கருணை! கிராமத்தைப் பொன்னாகப் பார்த்துக்கொள்கிறேன்."

"உமக்கேதய்யா கிராமம்? படிக்கம் என்னுடையது!"

"மகாராஜா யார் கையிலிருந்து வாங்கினார்?"

"கை உம்முடையது, காசு என்னுடையது! தட்டான் வீட்டு வாசலில் மாதக்கணக்காகக் காத்துக்கிடந்தவன் நான். நடுவில் வாங்கி நீட்டியவனுக்கு என்ன பாத்தியதை?"

"இதைத்தானே அந்தப் பெண் அன்றைக்குச் சொன்னாள்," என்றார் மந்திரி. "அவளுடைய சோறு போனபோது விளங்காதது, உங்கள் படிக்கம் போனதும் விளங்கிவிட்டதே!"

ராஜாவுக்குச் சிரிப்பும் கோபமும் ஒன்றாக வந்தன. "உலகளந்தாரே, முரசறைந்தது உம்முடைய நீதி. அது சரியென்றால் கிராமம் மந்திரிக்கு. தப்பென்றால் கிராமம் உமக்கு. தப்பு நீதி சொல்லி என்னைத் தலைகுனிய வைத்ததற்கு அபராதமும் அதே கிராமம். எது வேண்டும்?"

"தப்பு," என்றார் உலகளந்தார் கடைசியில். மந்திரிக்குக் கிடைப்பதைவிட யாருக்கும் கிடைக்காமல் போவது அவருக்குத் தேவலை. ராஜாவுக்குப் படிக்கமும் மிச்சம், கிராமமும் மிச்சம். மோதிரத்தைக் கழற்றி மந்திரிக்குப் போட்டுவிட்டு, "உலகளந்தாரே, இனி இந்தப் படிக்கத்தை ஏந்திக்கொண்டு என் பக்கத்திலேயே நில்லும்," என்றான்.

மறுநாள் ஜோடியை மறுபடி கூப்பிட்டார்கள்.

"நீ போட்டது எவ்வளவு?" என்றார் மந்திரி.

திருமேனி படிக்கம் ஏந்தி நின்றவரைப் பார்த்தான். "ஒரு பொன்," என்று உண்மையைச் சொல்லிவிட்டான்.

"நாலு மாதம் இருவரும் குடியிருந்தீர்கள். நாலு பொன் செலவு, ஆளுக்கு இரண்டு. நீ போட்டது ஒன்று. ஆகையால் நீதான் இவளுக்கு ஒரு பொன் தரவேண்டும். மீதி வருஷமும் வீடு இவளுடையது."

குமுதவல்லிக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மந்திரியைக் கும்பிட்டாள். "அன்றைக்கு வாய்க்கு வந்ததைப் பேசிவிட்டேன், ஐயா."

திருமேனி மட்டும் நகரவில்லை. பொன்னை எண்ணி வைத்துவிட்டு, "பன்னிரண்டு பொன்னையும் கடைத்தெரு தாண்டிச் சுமந்துபோனேனே, அதற்கு ஒன்றும் இல்லையா?" என்றான்.

"உண்டு," என்றார் மந்திரி. "சுமைகூலி ஒரு செப்புக்காசு."

குமுதவல்லி முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு காசை எடுத்து நீட்டினாள். சபை முழுவதும் அவனையே பார்த்தது. மானம் என்று ஒன்று இருந்தால் திரும்பிப் பார்க்காமல் போயிருப்பான். அவனோ கூத்து ராஜா நடை நடந்து வந்து அதை வாங்கினான். செல்லுமா என்று சுண்டிப் பார்த்துவிட்டு மடியில் செருகிக்கொண்டான்.